கால் எடுக்கும் இடம்

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் கொஞ்சம் உரக்கப் பேச வேண்டும். இண்டியானாபொலிஸ் நகரின் மேற்குப் பக்கம், பந்தயத் தடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கள் வீடு. 2008-ல் வேலை மாற்றலாகி இங்கே வந்தபோது வாடகை குறைவு என்றுதான் இந்தப் பகுதியைப் பிடித்தோம். ஏன் குறைவு என்பது அடுத்த மே மாதம் தெரிந்தது. காலை பதினொரு மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம்வரை காதுக்குள் ஒரு ரீங்காரம்.

முதல் வருஷம் எனக்கு இந்தப் பந்தயத்தின்மேல் மரியாதை எதுவும் இல்லை. நான் ஃபார்முலா ஒன் பார்த்துப் பழகியவன். அங்கே வலது, இடது, மேடு, பள்ளம், கொண்டை ஊசி எல்லாம் உண்டு. இங்கே அதே மாதிரி சக்கரங்கள் வெளியே தெரியும் கார்கள்தான், ஆனால் 2.5 மைல் தடத்தை இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி 200 தடவை சுற்றுகின்றன. செக்குமாடு வேகமாக ஓடினால் அது பந்தயமாகிவிடுமா என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். (செக்கை அவருக்கு விளக்கவே பத்து நிமிஷம் ஆயிற்று.) அவர் கோபப்படவில்லை. 1953-ல் எட்டு வயதில் அப்பாவோடு முதல் பந்தயம் பார்த்தவர். அதற்குப் பிறகு தவறவிட்ட வருஷங்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பயிற்சி நாள் ஒன்றில் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், முதல் திருப்பத்துக்கு எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேள் என்றார்.

கேட்டேன். நேர்ப்பாதையில் கார் வருகிறது, சத்தம் ஏறுகிறது, திருப்பத்தின் வாயில் ஒரு நொடியின் சிறு பங்கு அது தாழ்கிறது, மறுபடி ஏறுகிறது. அந்தத் தாழ்வுதான் ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும் இடம். அடுத்த கார் பத்தடி தள்ளி எடுக்கிறது. பத்தடி தள்ளி எடுப்பவர் முன்னால் போகிறார். இருபதடி தள்ளி எடுத்தவர் சுவரில் இருக்கிறார். சில வருஷங்களில், சில நாட்களில், காற்று சரியாக இருந்தால் சிலர் எடுப்பதே இல்லை. எடுக்காமல் போகும் காரின் சத்தத்தைக் கேட்கும்போது நம் வயிற்றில்தான் ஏதோ எடுக்கிறது. அன்றோடு செக்குமாடு பேச்சை விட்டுவிட்டேன்.

இந்தக் கட்டுரை அந்தப் பந்தயத்தைப் பற்றியதுதான், ஆனால் என்னைப் பற்றியதும்கூட. பதினைந்து வருஷமாக ஒரு கேள்வி என்னிடம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன், தடத்தைப் போலவே.

2011 மே மாதம் பெரியவரோடு போய்ப் பார்த்ததுதான் என் முதல் இண்டி 500. முதல் பந்தயம் 1911-ல் நடந்தது, ஆகவே அது நூறாவது ஆண்டு. கடைசிச் சுற்றின் கடைசித் திருப்பம்வரை முன்னால் இருந்தவர் ஜே.ஆர். ஹில்டிபிராண்ட் என்ற இளைஞர், அவருக்கு அது முதல் இண்டி. முன்னே மெதுவாகப் போன ஒரு காரை வெளிப்பக்கமாகத் தாண்டப் போய் சுவரில் மோதினார். உடைந்த கார் எல்லைக்கோட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும்போதே டான் வெல்டன் அவரைத் தாண்டி ஜெயித்தார். அந்த முழுப் பந்தயத்திலும் வெல்டன் முன்னிலையில் இருந்தது அந்தக் கடைசிச் சுற்றில் மட்டும்தான். எழுந்து நின்று கத்தினேன். என் குரல் இரண்டு நாள் கட்டியிருந்தது.

அதே வருஷம் அக்டோபர் 16. லாஸ் வேகஸில் பருவத்தின் கடைசிப் பந்தயம். தடம் 1.5 மைல்தான், கார்கள் 34. இண்டியிலேயே 33 கார்கள்தான் ஓடும். வெல்டனுக்கு அந்த ஆண்டு நிரந்தர அணி இல்லை. கடைசி இடத்திலிருந்து கிளம்பி ஜெயித்தால் 50 லட்சம் டாலர், அதில் பாதி அவருக்கு, பாதி குலுக்கலில் தேர்வான ஒரு ரசிகருக்கு என்று அறிவித்திருந்தார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்தேன். அவளுக்கு இரண்டு வயது. பதினோராவது சுற்றில் பதினைந்து கார்கள் ஒன்றோடொன்று மோதின. வெல்டனின் கார் காற்றில் பறந்து வேலிக்கம்பியில் மோதியது. இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னார்கள். மீதிப் பந்தயத்தை ரத்து செய்து, எஞ்சிய கார்கள் மூன்று மூன்றாக வரிசை கட்டி ஐந்து சுற்று அவருக்காக ஓடின. ஓட்டுநர்கள் ஹெல்மெட்டுக்குள் அழுதிருப்பார்கள். என் மனைவி வந்து மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "இதையெல்லாம் குழந்தையை வெச்சுக்கிட்டா பார்ப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

நான் யாரிடமும் சொல்லாதது இது. அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் இந்தப் பந்தயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். 34 கார்கள், அவ்வளவு சின்னத் தடம், மணிக்கு 220 மைலுக்கு மேல் வேகம், விடுவானா என்று. ஏதாவது நடக்கும் என்று எனக்குத் தெரியும். நடக்கும் என்பதால்தான் உட்கார்ந்தேன். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, அது உண்மை. ஆனால் சாவு அந்த அறைக்குள் வந்துபோகக் கதவு திறந்திருக்க வேண்டும் என்று விரும்பினேன். கதவைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, வந்ததும் அதிர்ச்சி அடைய எனக்கு உரிமை உண்டா?

பெரியவரிடம் இதைக் கேட்டபோது அவர் வேறு திசையில் போனார். இப்போது ஓட்டுகிறவர்களைப் பற்றி நீ இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை, அந்தக் காலத்தில் ஓட்டியவர்களை நீ பார்த்திருக்க வேண்டும் என்றார். அப்புறம் வழக்கம்போல பில் வுக்கோவிச்சில் போய் நின்றார்.

அவர் பார்த்த முதல் பந்தயத்தை ஜெயித்தவர் வுக்கோவிச். கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ பக்கம் செர்பியக் குடியேறிகளின் குடும்பத்தில் வளர்ந்தவர். 1953-ல் அன்றைக்குக் கொடும் வெயில். பல ஓட்டுநர்கள் பாதியில் இறங்கி, மாற்று ஆளை ஏற்றிவிட்டார்கள். கார்ல் ஸ்கார்பரோ என்பவர் வெப்பம் தாங்காமல் இறந்தே போனார். வுக்கோவிச் இறங்கவில்லை. 200 சுற்றில் 195 சுற்று அவரே முன்னால். அடுத்த வருஷமும் ஜெயித்தார். 1955-ல் மூன்றாம் முறையும் ஜெயிப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 57-வது சுற்றில் முன்னிலையில் இருந்தபோது, அவருக்கு முன்னே சுற்றில் பின்தங்கிய கார் ஒன்றின் அச்சு முறிந்தது. அதைத் தவிர்க்கப் போன இன்னொன்று மூன்றாவதை இடித்தது. அதில் மோதிய வுக்கோவிச்சின் கார் வேலியைத் தாண்டிப் பறந்தது. வயது 36.

அவர் மகனுக்கு அப்போது 11. அந்தப் பையனும் பில் வுக்கோவிச்தான். வளர்ந்து அதே தடத்துக்கு வந்தார். 1973-ல் இரண்டாம் இடம்வரை போனார். அவர் மகன், மூன்றாவது பில் வுக்கோவிச், 1988-ல் அதே தடத்தில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கினார். 1990-ல் பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்தில் ஒரு சின்ன ஓவல் தடத்தில், ஸ்பிரிண்ட் கார் பயிற்சியில் இறந்தார்.

பெரியவர் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் முதலாமவரைப் பற்றித்தான் சொல்வார். முதலாமவர் வீரர், சந்தேகமில்லை. என் மனம் ஒவ்வொரு முறையும் நடுவில் இருப்பவரிடம் போய் நிற்கும். அப்பாவையும் மகனையும் ஒரே விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டு, 2023 வரை வாழ்ந்தார். அவரை யாரும் கோழை என்றும் சொல்லவில்லை, காவியத்தில் சேர்க்கவும் இல்லை.

"தெரிஞ்சேதானே போனாங்க?" ஊரிலிருந்து வந்திருந்த என் தம்பி இப்படித்தான் கேட்டான். மலையேறுகிறவன், கடலுக்குப் போகிறவன், பந்தயம் ஓட்டுகிறவன் — அவனாக ஏற்றுக்கொண்ட ஆபத்து, நாம் யார் கேட்பதற்கு? சுலபமான பதில் மாதிரி இருக்கிறது. நானும் ரொம்ப நாள் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் எதைத் தெரிந்துகொண்டு போனார்கள்? 1911-ல் நடந்த முதல் பந்தயத்தில் ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். பக்கத்தில் மெக்கானிக். அவர் வேலை பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது, எண்ணெய் அழுத்தத்தைக் கவனிப்பது. ரே ஹாரூன் மட்டும் தனியாக வந்தார். பின்னால் பார்க்க ஆளில்லாமல் ஓட்டுவது மற்றவர்களுக்கு ஆபத்து என்று மற்ற அணிகள் முறையிட, அவர் காரில் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார். ஜெயித்தது அவர்தான், சராசரி வேகம் மணிக்கு 74.602 மைல். அன்று இறந்தது ஒருவர், சாம் டிக்சன். அவர் ஓட்டுநர் இல்லை. இன்னொருவர் ஓட்டிய காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மெக்கானிக். 1937-லும்கூட இப்படி மெக்கானிக்குகள் கூடவே போனார்கள். பரிசுக் கோப்பையில் அவர்கள் முகம் இல்லை. இன்றைக்கு அந்த வேலையைச் செய்பவர் அரங்கத்தின் உச்சியில் ரேடியோவோடு நிற்கிறார். உள்பக்கம் ஒருவன், வெளிப்பக்கம் ஒருவன், இப்போது வழி விட்டாயிற்று என்று ஓட்டுநரின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். வேலை அதேதான். சாகாமல் செய்யலாம் என்று கண்டுபிடிக்க இத்தனை காலம்.

1959-ல் ஜெர்ரி அன்ஸர் பயிற்சியின்போது தீக்காயம் பட்டு இறந்தார். அதற்கு முன் பனியனும் அரைக்கைச் சட்டையும் போட்டு ஓட்டும் ஓட்டுநர்களைப் பழைய படங்களில் பார்க்கலாம். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். அவர் சாவுக்குப் பிறகுதான் தீப்பிடிக்காத உடுப்பைக் கட்டாயமாக்கினார்கள். அவர் தம்பிகள் பாபியும் ஆலும் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு இருவருமாக அதே தடத்தில் ஏழு தடவை ஜெயித்தார்கள். 1964-ல் இரண்டாவது சுற்றில் டேவ் மக்டொனால்டின் கார் உட்சுவரில் மோதித் தீப்பிடித்துத் தடத்துக்குத் திரும்பியது. எடி ஸாக்ஸ் அதில் மோதினார். இருவரும் போனார்கள். கரும்புகை வானத்தை மறைத்தது. காரணம் பெட்ரோல். அடுத்த ஆண்டிலிருந்து எல்லோரும் மெதனாலுக்கு மாறினார்கள். மெதனால் அதற்கு முன்பே அந்தத் தடத்தில் பல கார்களில் ஓடிக்கொண்டிருந்த எரிபொருள்தான், புதிதாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைக்குத் தீயை அணைத்து, தடத்தைக் கழுவி, மறுபடி பந்தயத்தைத் தொடங்கி முடித்தார்கள். ஏ.ஜே. ஃபாய்ட் ஜெயித்தார்.

1973 இன்னும் மோசம். மழையால் மூன்று நாள் இழுத்த அந்தப் பந்தயத்தில் ஸ்வீட் சேவேஜின் கார் சுவரில் மோதிச் சிதறியது. அவர் ஒரு மாதம் உயிரோடு போராடி இறந்தார். விபத்தைப் பார்த்து அவரை நோக்கி ஓடிய அர்மாண்டோ டெரான் என்ற இளம் பணியாளரை, பிட் பாதையில் எதிர்த்திசையில் விரைந்த தீயணைப்பு வண்டி அடித்துக் கொன்றது. அவர் எதற்குச் சம்மதம் தந்திருந்தார்? பிறகுதான் காரில் ஏற்றும் எரிபொருளின் அளவைக் குறைத்தார்கள், இறக்கைகளைச் சிறிதாக்கினார்கள்.

இதையெல்லாம் அடுக்கிவைத்துப் பார்த்தால், அந்தக் கால வீரம் என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, யாரோ சரிசெய்யாமல் விட்ட ஒன்றின் விலை. தீ பிடிக்காத உடுப்பு இல்லாதவன் தீக்குள் போனதை வீரம் என்றோம். அவன் வீரன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதால் உடுப்பு வருவது பத்து வருஷம் தள்ளிப்போயிற்றோ என்னவோ.

பெரியவர் இதை ஏற்கவில்லை. இப்போது ஓட்டுகிறவர்கள் வேறு ஜாதி என்பார். சின்ன வயதில் கார்ட் பந்தயத்தில் விடுகிறார்கள், அப்பா பணம் கட்டுகிறார், பதினெட்டு வயதுக்குள் உடற்பயிற்சியாளர், சிமுலேட்டர், புரவலர்களிடம் அழகாகப் பேசப் பயிற்சி. அந்தக் காலத்தில் மண் தடங்களில் வாராவாரம் ஓட்டி, கையில் கிரீஸோடு வந்தவர்கள். கார் கெட்டால் அவர்களே அடியில் படுப்பார்கள். இவர்களோ பந்தயம் முடிந்ததும் டிவியில் நடனம் ஆடப் போகிறார்கள்!

நடனம் என்று அவர் சொன்னது ஜேம்ஸ் ஹின்ச்கிளிஃபை. 2015 மே மாதம் பயிற்சியில் அவர் கார் சுவரில் மோதியபோது சஸ்பென்ஷன் கம்பி ஒன்று இருக்கையைத் துளைத்து அவர் தொடைக்குள் இறங்கியது. மீட்புக் குழு சில நிமிஷம் தாமதித்திருந்தால் ரத்தம் வடிந்தே இறந்திருப்பார். அடுத்த வருஷம் அதே தடத்துக்கு வந்து, தகுதிச் சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டி முதல் இடத்திலிருந்து கிளம்பினார். அந்த வருஷக் கடைசியில்தான் டிவியில் ஆடினார், இரண்டாம் பரிசு. அந்தக் கால்களால் ஆடினார் என்று பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, அவன் ஆடலாம் என்றார்.

பணம் விஷயத்தில் அவர் சொல்வது பாதி சரி. முன்பு உயிரைக் கொடுக்கத் துணிந்தால் ஒரு ஏழைப் பையனுக்கு உள்ளே வர வழி இருந்தது. இன்று துணிச்சல் மட்டும் போதாது. சிறுவயதிலிருந்தே கொட்டப் பணம் வேண்டும். அந்த இழப்பு உண்மையான இழப்பு. ஆனால் அந்தப் பழைய வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா என்ன? 1970-களின் தொடக்கம்வரை பெண்கள் கார் கொட்டகைப் பக்கம் போகவே முடியாது. விண்வெளித் துறைப் பொறியாளரான ஜேனட் கத்ரி 1977-ல் தகுதி பெற்று ஓட்டியபோது, ஒரு பெண்ணால் இந்தக் காரைக் கட்டுப்படுத்த முடியாது, எங்களையும் சேர்த்துக் கொல்வாள் என்று சொன்ன ஓட்டுநர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அவர் ஒன்பதாவதாக வந்தார். பயத்தை ஆண்மை என்ற பெயரில் பூட்டி வைத்திருந்தார்கள்.

இந்த விளையாட்டில் வீரம் பற்றி நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் ஓடாத ஒரு பந்தயத்திலிருந்து வந்தது. 2001 ஏப்ரல், டெக்சஸ் மோட்டார் ஸ்பீட்வே. தடத்தின் திருப்பங்கள் 24 பாகை சரிவு. பயிற்சியில் கார்கள் மணிக்கு 230 மைலுக்கு மேல் ஓடின. இறங்கி வந்த ஓட்டுநர்களில் சிலருக்கு நேராக நிற்க முடியவில்லை. ஓட்டும்போது தலை சுற்றுகிறது, எந்தப் பக்கம் மேல் என்று தெரியவில்லை என்று மருத்துவர் ஸ்டீவ் ஆல்வியிடம் ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் சொன்னதும் இன்னொருவர். கேட்டுப் பார்த்ததில் 25 பேரில் 21 பேருக்கு அதே கதை. ஐந்து மடங்குக்கும் மேலான புவியீர்ப்பு அவர்களை அழுத்திக்கொண்டிருந்தது. அதைத் தாங்க, போர் விமானி போடும் உடுப்பும் அவர்களிடம் இல்லை. பந்தய நாளன்று, தொடங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது ரத்து செய்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் கத்தினார்கள். வழக்கு நடந்தது.

அந்த முதல் ஓட்டுநரைத்தான் நினைத்துக்கொள்வேன், யாராக இருந்தாலும். எனக்குத் தலை சுற்றியது டாக்டர் என்று சொன்ன அந்த ஆள். மற்றவனுக்குச் சுற்றவில்லையென்றால்? அணி முதலாளி கேட்டுவிட்டால்? வெளியே இடத்துக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! 1955-ல் இப்படி ஒருவர் சொல்லியிருக்க முடியுமா என்று யோசித்தால் முடியாது என்றுதான் படுகிறது. அவர்கள் குறைந்தவர்கள் என்பதால் இல்லை. கேட்கிற காது அன்று அங்கே இல்லை.

வேகத்தைப் பற்றிய இந்த விளையாட்டு வேகத்தை நிறுத்தியும் வைத்திருக்கிறது. இண்டியில் தகுதிச் சுற்றின் சாதனை ஆரி லூயென்டைக் 1996-ல் வைத்த 236.986 மைல். இன்றுவரை யாரும் தாண்டவில்லை. தாண்ட முடியாமல் இல்லை. விதிகளால் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த மே மாதமே ஸ்காட் பிரேட்டன் பயிற்சியில் இறந்தார். 2002-ல் சுவரின்மேல், மோதலை வாங்கிக்கொள்ளும் எஃகும் நுரையும் கொண்ட தடுப்பு வந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. அதன்பின் எத்தனை பேர் சுவரில் மோதி எழுந்து நடந்தார்கள் என்று எண்ணி மாளாது.

இவ்வளவும் சேர்ந்து எனக்கு ஒரு கொள்கை உருவாயிற்று. அதைக் கொஞ்ச காலம் பெருமையாக வைத்திருந்தேன். லாஸ் வேகஸில் என்ன தவறு? ஆபத்து அதிகம் என்பது இல்லை. கார்களைத் தரையோடு அழுத்தும் காற்று விசை அவ்வளவு இருந்ததால் யாருமே காலை எடுக்கத் தேவையில்லை. எல்லோரும் முழு வேகத்தில், கூட்டமாக, அங்குல இடைவெளியில். நல்ல ஓட்டுநர் முன்னேற வழியில்லை, சுமாரானவர் பின்தங்க வழியில்லை. திறமைக்கு வேலை போய்விட்டது, ஆபத்து மட்டும் மிஞ்சியது. அது வீரமில்லை, சீட்டுக் குலுக்கல். ஆபத்து ஓட்டுநரின் காலில் இருக்கும்வரை நான் பார்க்கலாம். அவர் கையைவிட்டுப் போனதும் பார்க்கக் கூடாது. இதுதான் கொள்கை. 2012-ல் டெக்சஸ் பந்தயத்துக்கு அந்தக் காற்று விசையைக் குறைத்தார்கள். கார்கள் வழுக்கின, ஒவ்வொருவரும் காலை எடுத்தே ஆக வேண்டும். டயர் தேயத் தேயக் காரைக் காப்பாற்றிக்கொண்டு ஓட்டி ஜெயித்தவர் ஜஸ்டின் வில்சன், உயரமான, மெதுவாகப் பேசுகிற ஆங்கிலேயர். பார், நான் சொன்னது சரி என்று பெரியவருக்கு ஃபோன் போட்டேன்.

மூன்று வருஷம் கழித்து 2015 ஆகஸ்டில், போக்கோனோ ஓவலில், முன்னால் மோதிய ஒரு காரின் மூக்குப் பகுதி உடைந்து மேலே எழும்பிக் கீழே விழுந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த வில்சனின் ஹெல்மெட்டில் விழுந்தது. மறுநாள் இறந்தார். அவர் உறுப்புகளைத் தானம் செய்தார்கள். காலை எடுக்கும் இடத்தில் எடுத்தவர், எல்லாம் சரியாகச் செய்தவர். வுக்கோவிச்சும் அப்படித்தானே, யாருடைய காரிலோ அச்சு முறிந்ததற்கு. ஆபத்தை அவர்கள் காலில் இருப்பது, இல்லாதது என்று பிரிக்க நான் கோடு போட்டேன். சாவு அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. 2020 முதல் ஓட்டுநரின் தலைக்கு முன்னே டைட்டேனியம் சட்டமும் கெட்டியான கண்ணாடித் தடுப்பும் வந்துவிட்டன. முகம் தெரியவில்லை, மீன்தொட்டி மாதிரி இருக்கிறது என்று பெரியவர் குறைபட்டார். அந்த முகத்தைப் பார்க்க நாம் கொடுத்த விலை என்ன என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை.

2023-ல் மகளை முதல்முறையாக அழைத்துப் போனேன். 14 வயது, அவளாகக் கேட்டாள். பெரியவருக்கு 78, இடுப்பு ஒத்துழைக்கவில்லை, அவர் டிக்கெட்டைத்தான் அவளுக்குக் கொடுத்தார். கண்ணை மூடிக் கேட்கச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டாள். எனக்கு ஒரு மணி நேரம் பிடித்ததை அவள் பத்தே சுற்றில், "அப்பா, இந்த ஆள் முதல்ல எடுக்கிறாரு, பயப்படுறாரு" என்றாள். பயம் இல்லை, டயரைச் சேமிக்கிறார் என்றேன்.

பந்தயம் முடியப்போகும் நேரத்தில் இரண்டாம் திருப்பத்தில் மோதல். கைல் கிர்க்வுட்டின் கார் தலைகீழாகச் சறுக்கிப் போனது. அவர் நடந்தே வெளியே வந்தார். ஆனால் அதற்குமுன், மோதலில் இன்னொரு காரின் சக்கரத்தில் பட்டு, அவர் காரின் பின்சக்கரம் ஒன்று பிய்த்துக்கொண்டு மேலே போனது. கார்களோடு சக்கரங்களை இறுக்கமாகக் கட்டி வைக்கும் கயிறுகள் 1998-லும் 1999-லும் பார்வையாளர்கள் மூன்று மூன்று பேராக இறந்த பிறகு வந்தவை. அன்று கயிறு அறுபடவில்லை, ஆனாலும் சக்கரம் நிற்கவில்லை. சக்கரம் வேலியைத் தாண்டி, உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு மேலே பறந்து, அரங்குக்கு வெளியே நிறுத்தியிருந்த கார் ஒன்றின்மேல் விழுந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அது மேலே போனதுதான் தெரிந்தது, எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. திரையில் சொல்லும்வரை மகள் என் கையைப் பிடித்திருந்தாள். யாருக்கும் அடிபடவில்லை என்றதும் சுற்றிலும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கார் நிறுத்திய இடத்துக்கு நடக்கும்போது கேட்டாள். "யாராவது செத்திருந்தா அடுத்த வருஷம் வருவீங்களாப்பா?"

வந்திருக்கிறேன், 2012-ல் வந்தேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. தெரியலம்மா என்றேன்.

"நீங்க வருவீங்க," என்றாள். குற்றம்சாட்டுகிற தொனி இல்லை. மழை வரும் என்று சொல்வதுபோல.

அடுத்த ஆண்டுக்கான டிக்கெட்டைப் புதுப்பிக்கும் படிவம் ஜூனில் வந்தது. இருக்கையை மாற்ற விருப்பமா என்று ஒரு கட்டம். இரண்டு டிக்கெட், வேலிக்குப் பக்கத்தில் வேண்டாம், முடிந்தவரை மேல் வரிசை என்று எழுதினேன். சாயங்காலம் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொன்னபோது தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். 1987-ல் கழன்ற டயர் ஒன்றை இன்னொரு காரின் மூக்கு முட்டி மேலே அனுப்பியது, அதில் ஒரு பார்வையாளர் இறந்தார், உனக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் தெரியுமா?

மேல் வரிசை என்றார். கடைசி வரிசை.

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, படிவத்தை அனுப்பிவிட்டாயா என்று கேட்டார். அனுப்பிவிட்டேன்.